ராசாவுக்கு முன்வாய்

வெத்தலை வேணாங்கறான் பாத்தீங்களா? அந்த வண்டிக்காரன். கையை நீட்டிட்டான். நீட்டினவன் என் முகத்தைப் பாத்ததும் இழுத்துக்கிட்டான். பல்லு வலியாம். வழி பூரா கரும்பு கடிச்சுத் துப்பிக்கிட்டு வந்தவனுக்கு, என் வெத்தலையைப் பாத்ததும் பல்லு வலி.

பரவால்லைங்கய்யா. பழகிடுச்சு. அவன் அச்சு மாத்தி மாடு பூட்ட நேரமாகும், இப்படி நிழல்ல உட்காருங்க. உங்களுக்கு நீட்ட மாட்டேன், பயப்படாதீங்க. நீங்க வெளியூர், என்னை யாருன்னு தெரியாது, அதான் பக்கத்துல உட்கார்ந்து வந்தீங்க. அவனுக்குத் தெரியும். ஆனைவேலிக் கோட்டையில மல்லப்ப ராசாவுக்கு விஷம் வச்சவ இவதான்னு இந்தப் பக்கம் பொறக்கற பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுத்துடறாங்க. பாலு குடுக்கறாங்களோ இல்லையோ, இதைச் சொல்லிக் குடுத்துடறாங்க.

விஷம். நானு.

கேளுங்கய்யா. நான் அங்க இருந்த காலம் பூரா ஒரு துளி விஷம் அந்த மனுசன் வாய்க்குள்ள போனதில்ல. ஒரு துளி. அதுக்குத்தானே என்னை வச்சிருந்தாங்க? முன்வாய்னு பேரு அந்த வேலைக்கு. ராசா வாயில போறதுக்கு முன்னாடி என் வாயில போகணும். சோறு, குழம்பு, பாலு, பழம், வெத்தலையில தடவற சுண்ணாம்பு வரைக்கும். நான் தின்னுட்டு கொஞ்ச நேரம் நிக்கணும். கீழ விழலைன்னா அவர் தின்பார். அவ்வளவுதான் வேலை. எங்கம்மாவும் அதான் பாத்தா. அவளும் விழல. காய்ச்சல்ல போனா.

மல்லப்ப ராசா மாதிரி சாப்பிடற ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சும்மா திங்கறது வேற, அவர் சாப்பிடறது வேற. அதிரசத்தைக் கையில எடுத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பாப்பார், புதுசா பொறந்த கொழந்தையைப் பாக்கற மாதிரி. நல்ல உடம்பு. சிரிச்சா மொதல்ல வயிறு குலுங்கும், அப்புறந்தான் சத்தம் வரும். நான் தின்னுட்டு நிக்கற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, அவரால தாங்கவே முடியாது. விரலால தட்டைத் தட்டிக்கிட்டே இருப்பார். "ஏ பூவாயி, விழறியா இல்லையா? சீக்கிரம் சொல்லு, நெய்யி ஒறையுது"ம்பார். "எனக்கு முன்னாடி நீ திங்கற. அப்ப நீ ராசாவா, நான் ராசாவா?"ம்பார். தினமும் அதே கேள்விதான். தினமும் நான் சிரிக்கணும். சிரிப்பேன்.

ராச்சியம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. கடல் வரைக்கும் இருந்துச்சும்பாங்க. நான் பொறக்கறப்பவே கடல் போயிடுச்சு. அப்புறம் மலை போச்சு. ஒரு பாளையக்காரன் கப்பம் நிறுத்தினா பக்கத்துப் பாளையக்காரனும் நிறுத்துவான், அவனைப் பாத்து இன்னொருத்தன். துணி துவைக்கத் துவைக்கச் சுருங்குமே, அந்த மாதிரி சுருங்கிக்கிட்டே வந்துச்சு. ஆனா மடைப்பள்ளியில மட்டும் எதுவும் சுருங்கல. அங்க சமைக்கறது இன்னும் கடல் வரைக்கும் இருக்கற ராசாவுக்குத்தான்.

பணம் ராசா கையில இல்லைங்க. அது பெரிய நாச்சியார் கையில. செண்பக நாச்சியார், ராசாவோட அம்மா. கஜானா சாவி அவங்க இடுப்புலதான் தொங்கும். தூங்கறப்பவும் தொங்கும். ராசா முத்திரை வப்பார், அவங்க எண்ணிக் குடுப்பாங்க. பட்டத்து யானைக்குத் தங்க நெத்திப்பட்டம் இருந்துச்சு, அதைக் கழட்டிட்டுப் பித்தளையில போட்டாங்க. தூரத்துல நிக்கறவனுக்கு எது தங்கம், எது பித்தளை? கோயில் விளக்குல நெய்யி எண்ணெயா ஆச்சு. கஞ்சம் இல்லைங்க அவங்க. தன்னோட கொலுசு, வளையல், எல்லாத்தையும் மொதல்ல உருக்கினது அவங்கதான். உருக்கிச் சிப்பாய்க்குச் சம்பளம் குடுத்தாங்க.

மருமக நேர் எதிரு. குமுத நாச்சியார், இளைய நாச்சியாரும்போம். பணக்கார வீட்டுப் பொண்ணு. அவங்க கடன் வாங்குவாங்க. திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டு ஆதிமூலஞ் செட்டியார்கிட்டப் பேசுவாங்க பாருங்க, செட்டியாரே வேர்த்துப் போவார். நகையை ஈடு வச்சாங்க. அப்புறம் உப்பளத்து வரியை ஈடு வச்சாங்க. மாமியாரும் மருமகளும் பேசிக்கறதைக் கேக்கணும் நீங்க.

"வீட்டுல இருக்கறதை மிச்சம் புடிம்மா."

"மிச்சம் புடிச்சா இல்லாதவங்கன்னு தெரிஞ்சுடும் அத்தை. பகட்டா இருந்தாத்தான் குடுப்பான்."

"குடுத்தவன் திரும்பக் கேப்பானே?"

"அப்ப இன்னொருத்தன்கிட்ட வாங்கிக் குடுப்போம்."

இப்படியே போகும். மாமியார் மிச்சம் புடிப்பாங்க, மருமக கடன் வாங்குவாங்க, நடுவுல ராசா சாப்பிடுவார். அதுலயும் ஒரு குறையும் இல்லாம ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அந்தத் தை மாசம் வர்ற வரைக்கும்.

தை மாசத்துல ராசா பொறந்த நட்சத்திரத்தன்னிக்கு துலாபாரம். உங்க ஊருலயும் உண்டா? தராசுல ஒரு தட்டுல ராசா உட்காருவார், எதிர்த் தட்டுல பொன்னு. ரெண்டும் சமமா நிக்கணும். அந்தப் பொன்னு பூரா கோயிலுக்கும் அந்தணருக்கும். வருசா வருசம். அவங்க வம்சத்துல எந்த வருசமும் நின்னதில்ல. நிறுத்தினா கஜானா காலின்னு ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. அதனால நிறுத்த முடியாது. பொன்னுக்குப் பதிலா பித்தளையும் வைக்க முடியாது, வாங்கறவன் உரசிப் பாப்பான்ல?

ஐப்பசி கடைசியில பெரிய நாச்சியார் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. சாமான் அறையில உட்கார்ந்திருந்தாங்க, தனியா.

"பூவாயி, இன்னிக்கு மத்தியானம் என் பிள்ளை என்ன சாப்பிட்டான்?"

சொன்னேன். நெய்ச்சோறு, காடை வறுவல், பால்பணியாரம், எல்லாம் சொன்னேன்.

"அந்த நெய்ச்சோத்துக்கு என்ன விலைன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியாதும்மா."

"ரெண்டு விலை. அரிசிக்காரனுக்கு ஒரு தடவை குடுக்கறேன். அது என் பிள்ளை வயித்துல சதையா ஏறினதுக்கு அப்புறம் தராசுல இன்னொரு தடவை குடுக்கறேன். அரிசிக்கு அரிசி விலை. சதைக்குப் பொன்னு விலை."

எனக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுச்சு.

எளைக்க வைக்கணும். ஆனா ராசாவைப் பாத்துக் கொறச்சுச் சாப்பிடுன்னு யார் சொல்றது? நான் கேட்டேங்க, கேக்காம இல்ல. நீங்களே சொல்லிடலாமேம்மான்னேன். "சொன்னா, ஏம்மா பொன்னு தீந்துடுச்சான்னு தர்பார்லயே கேப்பான். சிரிச்சுக்கிட்டே கேப்பான். என் பிள்ளைக்கு மெதுவா பேச வராது. மறுநாள் காலையில செட்டி வாசல்ல நிப்பான்"னாங்க. மடைப்பள்ளியில கொறச்சுச் சமைங்கன்னு சொன்னாலும் சமையல்காரங்க வெளியில பேசிடுவாங்க. அதனாலதான் நான்.

எங்க மடைப்பள்ளியில ஒரு மொறை உண்டு. முன்வாய் வாயில வச்சுட்டு 'சந்தேகம்'னு சொன்னா, அந்த ஒரு வார்த்தை சொன்னா, அந்த வேளைச் சாப்பாடு பூரா குழிக்குப் போகும். மண்ணு தள்ளி மூடணும். அடுப்பு எல்லாத்தையும் அணைச்சு, கழுவி, பூசை பண்ணித்தான் திரும்ப மூட்டணும். அதுக்குள்ள அடுத்த வேளை வந்துடும். யாரும் ஏன்னு கேக்க முடியாது. ராசாவும் கேக்க முடியாது.

"ஒரு வார்த்தைதானே. ஒரு வேளை விட்டு ஒரு வேளை சொல்லு. யார்கிட்டயும் இதைச் சொல்ல மாட்டேன்னு நாக்கைத் தொட்டு சத்தியம் பண்ணு"ன்னாங்க.

பண்ணினேன். என் பொழப்பே அந்த நாக்குதான்.

மொத நாள் காடை வறுவல். வாயில வச்சேன். அருமையா இருந்துச்சு. மிளகு தூக்கலா, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு. சந்தேகம்னேன்.

ராசா சிரிச்சார். "இன்னொரு துண்டு வேணும்னா கேளேன்டி, அதுக்கு ஏன் இப்படி?"ன்னார். நான் சிரிக்கல. வேலைன்னா வேலை. அவர் மெதுவா கையை எடுத்தார். ஆளுங்க ஓடி வந்து தட்டைத் தூக்கிட்டுப் போனாங்க. அவர் அந்தக் காடை போறதையே பாத்துக்கிட்டு இருந்தார்.

மறுபடி மறுநாள். மறுபடி. சும்மா சொல்லிட முடியுமாங்கய்யா? ஒரு வாய் வச்சதும் சந்தேகம்னா நடிக்கறேன்னு தெரியாதா? ரெண்டு மூணு வாய் பாத்து, யோசிச்சு, இன்னொரு வாய் பாத்துத்தான் சொல்லணும். அந்தக் கார்த்திகை மார்கழியில நான் கொஞ்சம் சதை போட்டேன், உண்மைதான். அதையும் ஊருல சொல்றாங்க. சொல்றவனுக்கு வேலையோட கஷ்டம் தெரியாது.

பொன்னுரங்கம்னு ஒருத்தர், தலைமைச் சமையல்காரர். அவரைத்தான் புடிச்சாங்க. கட்டி வச்சு அடிக்கறப்ப நான் அந்த வழியா போக வேண்டியிருந்துச்சு. என்னைப் பாத்ததும் "பூவாயி, என்ன கசந்துச்சு? எதுல கசந்துச்சு? வெந்தயமா? எண்ணெயா? சொல்லும்மா, நான் தெரிஞ்சுக்கறேன்"னார். அடி வாங்கிக்கிட்டே கேக்கறார். விஷம்னு சொன்னதுகூட அவருக்குப் பெருசில்ல, ருசி கெட்டுடுச்சோன்னுதான் கவலை. சமையல்காரன் இல்லையா. எனக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கலும் கெடையாதுங்க. அவர் கைப்பக்குவத்தைக் கொறையா நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சந்தேகம்னுதான் சொன்னேன். அவரைக் கோட்டைக்கு வெளியில தள்ளிட்டாங்க. அப்புறம் வந்தவன் சமையல் அவ்வளவு நல்லா இல்ல.

ராசா எளைச்சார். மொதல்ல கன்னம் போச்சு. அப்புறம் கழுத்து தெரிஞ்சுச்சு, அவருக்குக் கழுத்து உண்டுன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். சிரிச்சா வயிறு குலுங்கறது நின்னு போச்சு. அப்புறம் சிரிக்கறதும் நின்னு போச்சு. நான் தின்னுட்டு நிக்கறப்ப விரலால தட்ட மாட்டார். என் தொண்டையையே பாத்துக்கிட்டு இருப்பார். சந்தேகம் சொல்லாத நாள்லயும் பாதி தின்னுட்டு எழுந்திருச்சுடுவார். ஒரு நாள் அம்மாகிட்டக் கேட்டார், "யாரும்மா? யாருக்கு என் மேல இவ்வளவு கோவம்?"னு. பெரிய நாச்சியார் அவர் தலையைத் தடவினாங்க. "கண்டுபுடிச்சுடலாம்ப்பா"ன்னாங்க.

துலாபாரத்தன்னிக்கு நல்ல கூட்டம். மேளம், சங்கு, எல்லாம். ராசா பட்டுச் சட்டை தொளதொளன்னு காத்துல ஆடுச்சு. தராசுல ஏறி உட்கார்ந்தார். போன வருசம் பொன்னு மூட்டையைக் கொட்டிக் கொட்டி ஆளுங்க களைச்சுப் போயி, நடுவுல மோர் குடிச்சுட்டு வந்து கொட்டினாங்க. இந்த வருசம் கொட்ட ஆரம்பிச்சதும் சட்டுனு தட்டு சமமா நின்னுடுச்சு. மேளக்காரனுக்கு வாசிச்சு முடிக்கக்கூட நேரம் இல்ல, பாதியில நிறுத்தினான். அவிழ்க்காத மூட்டைங்க அப்படியே கஜானாவுக்குத் திரும்பிப் போச்சு. பெரிய நாச்சியார் சாளரத்துக்குப் பின்னால நின்னு அந்த மூட்டைங்களைப் பாத்தாங்க. நான் பக்கத்துல நின்னேன். என் கையைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாங்க. அவ்வளவு பெரிய மனுசி என் கையைப் புடிச்சாங்கய்யா. அது எனக்குப் போதும்.

கூட்டத்துல ஆதிமூலஞ் செட்டியாரும் நின்னிருக்கார். அவர் பொன்னைப் பாக்கல. ராசாவைப் பாத்திருக்கார்.

அன்னிக்கு சாயங்காலமே இளைய நாச்சியாரைப் பாக்க வந்துட்டார். வழக்கமா வேர்க்கற ஆளு, அன்னிக்கு வேர்க்கவே இல்ல.

"தாயீ, நான் உங்க நகையைப் பாத்தா கடன் குடுத்தேன்? ராசா உடம்பைப் பாத்துக் குடுத்தேன். இந்த உடம்பு இன்னும் ரொம்ப வருசம் ஓடும், உப்பளத்து வரி அதுவரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்னு குடுத்தேன். இன்னிக்கு தராசுல உட்கார்ந்திருந்தது அடுத்த மழையைப் பாக்காது. யாரோ விஷம் வக்கறாங்கன்னு கடைத்தெருவே பேசுது. ராசா போயிட்டா யார் முத்திரையைக் காட்டி நான் கேக்கறது? குடுத்ததைக் குடுத்துடுங்க."

இளைய நாச்சியார் எவ்வளவோ பேசினாங்க. அவர் கும்பிட்ட கையை எறக்கவே இல்ல. அவர் கேட்டதும் மத்தவங்களும் கேட்டாங்க. புதுசா குடுக்க ஆள் இல்ல. சம்பளம் நின்னுச்சு. குதிரைக்காரங்க குதிரையோட போயிட்டாங்க. தராசுல மிச்சம் புடிச்ச பொன்னு இருக்கே, அவிழ்க்காத அந்த மூட்டைங்க, அத்தனையும் அப்படியே செட்டியார் வண்டியில ஏறிடுச்சு. அது வட்டிக்கே காணல.

பெரிய நாச்சியார் கணக்குல தப்பு இல்லைங்க. அவங்க நெனச்ச மாதிரிதான் எடை கொறஞ்சுச்சு, நெனச்ச மாதிரிதான் பொன்னு மிஞ்சுச்சு. செட்டியார் ராசாவைப் பாப்பார்னுதான் யாரும் நெனைக்கல.

உடனே என்னைக் கூப்பிட்டாங்க. "இனிமே எதையும் சொல்லாதடி. எல்லாத்தையும் விடு. பங்குனியில செட்டிங்களை அழைச்சு விருந்து வக்கறேன், அதுக்குள்ள அவனுக்குப் பழைய உடம்பு வரணும்"னாங்க. சரிம்மான்னேன். எனக்கு எது சொன்னாலும் சரிதான்.

விட்டேன். எல்லாத்தையும் விட்டேன். காடையை விட்டேன், பணியாரத்தை விட்டேன், ஒண்ணையும் தடுக்கல. அவர் தொடல.

தட்டு முன்னால வந்தா அப்படியே உட்கார்ந்திருப்பார். இளநீ மட்டும் கண்ணு முன்னால வெட்டினா குடிப்பார். அப்புறம் அருவாளுல ஏதாச்சும் தடவியிருந்தா என்ன பண்றதுன்னு கேட்டார். அதுவும் நின்னு போச்சு. குளத்துக்குத் தானே எறங்கிப் போயி கையால அள்ளித் தண்ணி குடிப்பார். படியெறங்க ரெண்டு பேர் புடிச்சுக்கணும்.

இளைய நாச்சியார் தானே சமைச்சாங்க. அடுப்பு ஊதத் தெரியாத பொண்ணு, கண்ணெல்லாம் செவந்து, கையில சூடு பட்டுக்கிட்டு, அவர் முன்னாலயே அரிசி களைஞ்சு, முன்னாலயே வடிச்சு, ஒரு கவளம் தான் தின்னு காட்டிட்டு நீட்டினாங்க. அவர் ரொம்ப மரியாதையா கேட்டார், "நான் செத்தா உங்கப்பா வீட்டுக்கு எவ்வளவு கெடைக்கும் குமுதம்?"னு. அந்தப் பொண்ணு சோத்தை அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துடுச்சு.

வந்து என் தோளைப் புடிச்சு உலுக்கினாங்க. "பூவாயி, நெசத்தைச் சொல்லு. எதுல என்ன இருந்துச்சு? உன்னை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எதுவும் இல்லைன்னு ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லு, அவர் சாப்பிட்டுடுவார்"னு அழுதாங்க. சந்தேகம் இருந்துச்சும்மான்னேன். வேற என்ன சொல்லுவேன்?

ஆனா பெரிய நாச்சியார்கிட்டப் போயி கேட்டேன், அதையும் கேட்டுக்குங்க. சொல்லிடட்டுமாம்மான்னு கேட்டேன்.

"சொன்னா அவன் சாப்பிடுவான். சரி. செட்டி என்ன சொல்லுவான்? சாமி தராசுலயே கள்ளம் பண்ணின வீடும்பான். அதுக்கப்புறம் இந்த வீட்டு முத்திரைக்கு ஒரு படி உப்பு குடுக்க ஆள் இருக்காது"ன்னாங்க. அப்புறம், "பசிச்சா சாப்பிடுவான்டி. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?"ன்னாங்க.

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. அவ்வளவு ஆசையா சாப்பிடற மனுசன் எத்தனை நாள் சும்மா இருப்பார்?

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியுங்க. பங்குனி விருந்து நடக்கல. ராசா போயிட்டார். வடக்கேயிருந்து படையெடுத்து வந்தவங்க கோட்டைக் கதவை ஒடைக்கக்கூட வேண்டியிருக்கல, காவலுக்கு ஆள் இல்ல, தொறந்துதான் கெடந்துச்சு. பெரிய நாச்சியார் சாவியை அவங்க கையில குடுத்தாங்க. அவங்க போயி கஜானாவைத் தொறந்து பாத்துட்டு, வேற சாவி எங்கன்னு கேட்டாங்களாம்.

அதெல்லாம் போகட்டும். ராச்சியம்னா வரும், போகும். என் மனசுல ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் ஆறல. அதைச் சொல்லிடறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

கடைசியா ஒரு மத்தியானம். ராசா படுத்திருந்தார். தலகாணியில சாச்சு வச்சிருந்தாங்க. பட்டுப் போர்வைக்குள்ள ஆள் இருக்கறதே தெரியல. நான் தட்டோட போனேன். நெய்ச்சோறு, கத்திரிக்கா, பால்பணியாரம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பெரிய நாச்சியார் வாசப்படியில நின்னாங்க. சாவிக்கொத்து இடுப்புல இல்ல, கையில புடிச்சிருந்தாங்க, அது குலுங்கற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

"பூவாயி"ன்னார் ராசா. குரல் பக்கத்துல வந்தாத்தான் கேக்கும். "நீ எத்தனையோ தடவை திருப்பி அனுப்பினியே. அதுல நெசமாவே இருந்துச்சா?"

நான் பெரிய நாச்சியாரைப் பாத்தேன்.

"சொல்லுடி"ன்னாங்க. அவங்க அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதே இல்ல. "எதுவா இருந்தாலும் சொல்லிடு பூவாயி. பரவால்ல. சொல்லிடு."

என்னைச் சோதிக்கறாங்கன்னு நெனச்சேன். பெரிய இடத்துல அப்படித்தான் சோதிப்பாங்க. நாக்கைத் தொட்டு சத்தியம் பண்ணினவங்கய்யா நான். அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா?

"இருந்துச்சு மகாராசா"ன்னேன்.

பெரிய நாச்சியார் அப்படியே படியில உட்கார்ந்துட்டாங்க. நான் சரியாச் சொன்னேன்னு நிம்மதி போல.

ராசா தலையை ஆட்டினார். "இதுல?"ன்னு தட்டைக் காட்டினார்.

"இதுல இல்ல மகாராசா. நான் தின்னு பாத்துட்டேன்."

"அன்னிக்கும் தின்னு பாத்தியே?"

"பாத்தேன்."

"விஷம் இருந்ததையும் தின்னே. நல்லாத்தானே இருக்கே. விஷம் இல்லாததையும் தின்னே. நல்லாத்தானே இருக்கே." மூச்சு வாங்கிக்கிட்டார். "அப்ப உனக்கு விஷம் ஏறாது. உங்கம்மா காலத்துலேருந்து தின்னு தின்னு உடம்பு பழகியிருக்கும். உன்னை வச்சுக்கிட்டு நான் எதைத் தெரிஞ்சுக்கறது பூவாயி?"

பாத்தீங்களா? இதாங்கய்யா. எத்தனை வருசம்! ஒவ்வொரு வேளையும் என் உசுரை நாக்குல வச்சு நீட்டினவ. என்னைப் பாத்து, உன்னால பிரயோசனம் இல்லைங்கறார். முன்வாய்க்காரியைப் பாத்து அந்த வார்த்தை சொல்லலாமா? அழுகையே வரல. இன்னும் வரல.

தட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பினேன். "இரு"ன்னார்.

"குழியில கொட்டாத. நீ சாப்பிடு. இங்கயே உட்கார்ந்து சாப்பிடு. நான் பாக்கறேன்."

ராசா சொன்னா மறுக்க முடியுமா? அவர் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். சோத்தைப் பெசைஞ்சேன். அவர் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு என் கையையே பாத்தார். நான் வாயைத் தொறந்தா அவர் வாயும் கொஞ்சம் தொறந்துச்சு. நான் மென்னா அவர் தாடையும் அசைஞ்சுச்சு.

"நெய்யி காச்சினதா?"ன்னார்.

"ஆமா மகாராசா. முருங்கையெல போட்டுக் காச்சினது."

"கத்திரிக்கா?"

"பிஞ்சு. வாயில கரையுது."

"பணியாரம்?"

"நல்லா ஊறியிருக்கு. ஏலக்கா போட்டிருக்காங்க."

கண்ணை மூடிக்கிட்டார். தொண்டை ஒரு தடவை ஏறி எறங்குச்சு. "மெதுவா சாப்பிடு"ன்னார்.

மெதுவாத்தான் சாப்பிட்டேன். வாசப்படியில சாவிச் சத்தம் நின்னு போச்சு. ஒரு பருக்கை விடாம வழிச்சுச் சாப்பிட்டேன், ராசா குடுத்ததுல மிச்சம் வக்கக் கூடாதில்லையா. நல்லா இருந்துச்சுங்க.